பொம்மைத் துப்பாக்கி எதுவரை பொம்மை? பார்சலில் வரவழைப்பவர்களும் லேத் பட்டறைக்காரர்களும் உஷார்!

சிங்காநல்லூர் பஸ் நிலையம் பக்கம் ஒரு பேன்சி கடை. சாயங்காலம் ஆறரை மணி. திருச்சி ரோட்டில் பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நோட்டுப் புத்தகம் வாங்கப் போன இடத்தில் இந்தப் பேச்சு காதில் விழுந்தது.

வந்தவர் ஆபீஸ் முடிந்து வந்தவர். கையில் டிபன் பாக்ஸ் பை. பக்கத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன். செல்போனில் ஒரு படத்தைக் கடைக்காரரிடம் காட்டினார்.

"ஏனுங்கண்ணா, இதே மாதிரி இருக்குதுங்களா? பையன் ஒரு மாசமா நச்சரிக்கிறான்."

படத்தில் கன்னங்கரேலென்று ஒரு கைத்துப்பாக்கி. மேகசின் தனியாகக் கழல்கிறது. குதிரை, விசை எல்லாம் அசல் மாதிரி. தோட்டாவுக்குப் பதிலாக மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு. வெளிநாட்டுக் கம்பெனி. 'ஏர்சாப்ட்' என்று பெயர். பணம் கட்டினால் வீட்டுக்கே பார்சல் வந்துவிடுமாம்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நம்மகிட்ட இல்லீங்க. இதை வரவழைக்கறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேட்டுக்கோங்க."

"பொம்மைக்கு என்னத்தைங்க கேக்கறது?"

"பொம்மைதானுங்க. உங்களுக்கும் எனக்கும் அது பொம்மை. எதிர்த்தாப்புல நிக்கிறவனுக்கு?"

கடைக்காரர் சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் சட்டம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

கிரிக்கெட் பந்து 'வெடிகுண்டு'!

எதிரே நிற்பவனுக்கு அது பொம்மை இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு.

1971 ஜனவரி 30. ஸ்ரீநகரில் இருந்து ஜம்முவுக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்சின் 'கங்கா' என்ற சிறிய விமானம். இரண்டு வாலிபர்கள் எழுந்தார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி, இன்னொருவன் கையில் எறிகுண்டு. விமானம் லாகூருக்குத் திரும்பியது. பயணிகள் விடுவிக்கப்பட்டனர். விமானத்தை எரித்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, துப்பாக்கி போலி, குண்டு மரக்கட்டை!

அந்தப் போலித் துப்பாக்கியின் விளைவு சின்ன விளைவு அல்ல. பாகிஸ்தான் விமானங்கள் இந்திய வான்வெளியில் பறக்கக் கூடாது என்று அப்போது தடை போடப்பட்டது. மேற்கு பாகிஸ்தானில் இருந்து கிழக்கு பாகிஸ்தானுக்குப் போக வேண்டிய விமானங்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் யுத்தமே வந்து, வங்கதேசம் பிறந்தது.

அடுத்தது 1978 டிசம்பர் 20. லக்னோவில் இருந்து டெல்லிக்குப் போன போயிங் விமானம். சிறையில் இருந்த இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும் என்று சொல்லி போலாநாத் பாண்டே, தேவேந்திர பாண்டே என்ற இருவர் விமானத்தைக் கடத்தினார்கள். வாரணாசியில் விமானம் இறங்கியது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சரண் அடைந்தார்கள். சோதித்துப் பார்த்தால், விளையாட்டுத் துப்பாக்கி! குண்டு என்று காட்டியது கிரிக்கெட் பந்து!

கடத்தியவர்கள் இருவரும் 1980-ல் உத்தரப்பிரதேச சட்டசபைக்கு எம்.எல்.ஏ. ஆகிவிட்டார்கள். அது அரசியல். அந்தக் கதை நமக்கு வேண்டாம்.

விமானத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள் பட்ட பயம் போலிப் பயம் அல்ல. சட்டம் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி விவகாரம் எல்லாம் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அடங்கும். 1962-ல் இருந்து நடைமுறையில் உள்ளது.

இந்தச் சட்டத்தின் 6-வது பிரிவில் 'போலித் துப்பாக்கி' என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. பார்ப்பதற்குத் துப்பாக்கி போல் இருந்தால் போதும். அதில் இருந்து குண்டு வருமா, வராதா என்ற கேள்வியே கிடையாது. பிளாஸ்டிக்கா, இரும்பா, மரமா என்ற கணக்கும் இல்லை. தோற்றம் ஒன்றுதான் அளவுகோல்.

அப்படியானால் தீபாவளிக்குப் பையனுக்குக் கேப் துப்பாக்கி வாங்கித் தருகிற அப்பா குற்றவாளியா? இல்லை. இந்தப் பிரிவு போலியை வைத்திருப்பதைப் பிடிக்கவில்லை. போலியை வைத்து என்ன செய்கிறோம் என்பதைத்தான் பிடிக்கிறது.

இரண்டு இடத்தில் பிடிக்கிறது.

ஒன்று 28-வது பிரிவு. போலீசார் பிடிக்க வரும்போது, தன்னையோ இன்னொருவரையோ கைது செய்யவிடாமல் தடுப்பதற்காகத் துப்பாக்கியைக் காட்டினால் 7 ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு. இதில் அசல் துப்பாக்கி, போலித் துப்பாக்கி இரண்டுக்கும் ஒரே தண்டனை. "வெறும் பொம்மைங்க ஐயா" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

மற்றொன்று 6-வது பிரிவு. கோவைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியது இது.

"ஒரே ஒரு துளைதானுங்க!"

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், பீளமேடு, கணபதி. எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். பம்பு செட்டில் இருந்து மில் இயந்திரம்வரை எந்த உதிரி பாகத்தைக் கொடுத்தாலும் நம் பட்டறைக்காரர்கள் அச்சு அசலாகக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அது நம் ஊருக்குப் பெருமை. அதே திறமையில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

ஒரு ஆசாமி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் இருந்து ஒரு இரும்புத் துப்பாக்கியை எடுக்கிறார். "சினிமாவுக்குங்க. சத்தம் மட்டுந்தான் வரும். குழாய் அடைச்சிருக்குது. ஒரே ஒரு துளை போட்டுக் குடுங்க. கூலி எவ்வளவு வேணாலும் வாங்கிக்கோங்க" என்கிறார்.

சத்தம் மட்டும் வரும் இந்த வகைத் துப்பாக்கிகள் வெளிநாடுகளில் சினிமாவுக்கும், ஓட்டப் பந்தயம் தொடங்கவும், பறவைகளை விரட்டவும் பயன்படுகின்றன. குழாயை அடைத்தே தயாரிப்பார்கள். அந்த அடைப்பை எடுத்துவிட்டால் அப்புறம் அது பொம்மை அல்ல.

போலியை அசலாக மாற்றுவதற்கு லைசென்சு வேண்டும் என்கிறது 6-வது பிரிவு. லைசென்சு இல்லாமல் மாற்றினால் 25-வது பிரிவின் கீழ் தண்டனை. 2019-ல் திருத்தம் வந்தபோது இந்தத் தண்டனையை ஏற்றிவிட்டார்கள். குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்!

கடைந்து கொடுத்த மிஷின்மேனுக்கும் இது பொருந்தும். "எனக்கு எதுக்குன்னு தெரியாதுங்க" என்று சொல்லலாம். துப்பாக்கிக் குழாயில் துளை போடுகிறவருக்கு எதற்கு என்று தெரியாது என்பதை எந்த நீதிபதி நம்புவார்? அரை மணி நேர வேலை. கிடைக்கும் கூலி சில நூறு ரூபாய். போவது ஆயுள்.

பட்டறை முதலாளிகள் இதைத் தங்கள் பையன்களிடம் ஒரு தடவை சொல்லி வைப்பது நல்லது. முதலாளி சாப்பிடப் போன நேரத்தில்தான் இப்படிப்பட்ட வேலைகள் வரும்.

சினிமா என்று சொன்னதும் ஒரு ஞாபகம். நம் சிங்காநல்லூரே ஒரு காலத்தில் சினிமா ஊர். சென்ட்ரல் ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-ல் வெளியானது, அங்கே எடுத்த படம்தான். அந்தக் காலப் படங்களில் துப்பாக்கியைவிட வாள்தான் அதிகம். மரத்தில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய வாளை வைத்தே சண்டையை முடித்துவிட்டார்கள். யாரும் லேத் பட்டறையைத் தேடிப் போகவில்லை!

ஏர்கன் கணக்கு

இப்போது அந்த ஆபீஸ்காரர் கேட்ட விஷயத்துக்கு வருவோம். குண்டு வெளியே வரும் விளையாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டுமா?

பொருட்காட்சியில் பலூன் சுடுகிறோமே, அந்த ஏர்கன்னை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கிடையாது. காற்றை அமுக்கி, அந்த வேகத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகிறது. இதற்கு 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, குழாயின் துவாரம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு, குண்டின் விசை 20 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் எல்லைக்குள் இருந்தால் லைசென்சு தேவை இல்லை. எதில் தாண்டினாலும் லைசென்சு வேண்டும்.

ஜூல் என்றால் என்ன? 100 கிராம் தக்காளி ஒன்றை இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போடுங்கள். தரையில் விழும்போது அதற்கு இருக்கும் விசை ஏறக்குறைய ஒரு ஜூல். அந்த மாதிரி இருபது மடங்கு. தக்காளி என்றால் தரையில் பரவிவிடும். அதே விசையை அரை கிராம் ஈயத்தின் முனையில் வைத்தால் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். லைசென்சு வேண்டாம் என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் ஆகாது.

உள்ளூர் ஏர்கன்னைக் கடையில் வாங்கப் போனால் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், வயது கேட்பார்கள். விவரத்தை எழுதி வைத்துக்கொள்வார்கள். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று கோபிக்க வேண்டாம். அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ரோட்டில் போலீசார் நிறுத்திக் கேட்டால், "எல்லைக்குள் உள்ள ஏர்கன்தான்" என்று காட்ட அதுதான் ஆதாரம்.

இனி ஏர்சாப்ட். இதன் பிளாஸ்டிக் குண்டு 6 மில்லிமீட்டர். எடை சாதாரணமாக ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் விசை சரியாக ஒரு ஜூல்.

வேடிக்கையைப் பாருங்கள். விசையை வைத்துப் பார்த்தால் ஏர்சாப்ட் 20 ஜூல் எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. துவாரத்தை வைத்துப் பார்த்தால் 4.5 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டிவிட்டது! கோணி ஊசிக்கு அனுமதி, குண்டூசிக்குத் தடை என்கிற மாதிரி.

ஈயக் குண்டுக்காகப் போட்ட அளவுகோலைப் பிளாஸ்டிக் குண்டுக்கு வைத்து அளப்பதால் வரும் கோளாறு இது. "பொம்மைதானே, ஒரு ஜூல்தானே" என்று வாங்குகிறவர் ஒரு எல்லையைக் காட்டுவார். "6 மில்லிமீட்டர் ஆச்சே" என்று அதிகாரி இன்னொரு எல்லையைக் காட்டுவார். சண்டை நடக்கும் இடம் அதிகாரியின் மேஜை என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று வாசல்

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பது இன்னும் சிக்கல். அந்தப் பார்சல் மூன்று வாசல்களைத் தாண்டி வர வேண்டும். ஒரு வாசல்காரருக்கு இன்னொரு வாசல்காரரின் கணக்கு செல்லாது.

முதல் வாசல் உள்துறை. ஆயுதச் சட்டம் அவர்கள் கையில்.

இரண்டாவது வாசல் வர்த்தகத் துறை. எந்தப் பொருளை இறக்குமதி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பட்டியல் போடுவது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர் அலுவலகம். காற்று, ஸ்பிரிங், கேஸ் ஆகியவற்றால் இயங்கும் துப்பாக்கிகள் அந்தப் பட்டியலில் 'கட்டுப்படுத்தப்பட்ட' பொருள்கள். இறக்குமதி லைசென்சு இல்லாமல் வரவழைக்க முடியாது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் பேர் எடுத்த வீரர்களுக்கும் ரைபிள் சங்கங்களுக்கும் தனி வழி இருக்கிறது. பையனின் பிறந்த நாளுக்கு அந்த வழி கிடையாது.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "உள்ளூர் ஏர்கன்னுக்கு லைசென்சு வேண்டாம் என்கிறார்களே, அதே மாதிரி வெளிநாட்டு ஏர்கன்னை வரவழைத்தால் என்ன?" என்று நினைக்கிறார்கள். வைத்திருக்க லைசென்சு வேண்டாம் என்பது ஒரு சட்டம். நாட்டுக்குள் கொண்டுவர லைசென்சு வேண்டும் என்பது வேறு சட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன.

மூன்றாவது வாசல் சுங்க இலாகா. பார்சலின் மேல் 'டாய்' என்று எழுதி அனுப்புவது வெளிநாட்டு வியாபாரிகளின் வழக்கம். எக்ஸ்ரேயில் பார்க்கும்போது துப்பாக்கி வடிவம் பளிச்சென்று தெரிந்துவிடும். பார்சல் நிற்கும். விளக்கம் கேட்டு நோட்டீசு வரும். பறிமுதல் செய்வார்கள், அபராதம் போடுவார்கள். ஆயுதம் என்று முடிவானால் விவகாரம் ஆயுதச் சட்டத்துக்கும் போகும். அனுப்பியவன் எங்கேயோ இருப்பான். பார்சலின் மேல் இருக்கிற முகவரி உங்களுடையது!

"சரி, பொம்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாதாடினாலும் தப்ப முடியாது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மைகளுக்கு இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60-ஆகவும், 2023-ல் 70-ஆகவும் ஏற்றினார்கள். வெளிநாட்டில் இருந்து 5,000 ரூபாய் வரை 'பரிசு' என்று சொல்லி வரி இல்லாமல் வரவழைத்த காலமும் 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு வைத்தார்கள்.

ஆயுதம் என்றால் ஒரு வாசல் மூடுகிறது. பொம்மை என்றால் இன்னொரு வாசல் மூடுகிறது.

சிங்கப்பூர் போகிறீர்களா?

பீளமேடு விமான நிலையம் நமக்கு கூப்பிடு தூரம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். லீவுக்கு வரும்போதும் திரும்பும்போதும் இதைக் கவனிக்க வேண்டும்.

விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பையில் பொம்மைத் துப்பாக்கிகூட இருக்கக் கூடாது. பேரனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கியை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். குழந்தை அழுதால் அழட்டும். 1971-ம், 1978-ம் நடந்த நாடு இது.

சிங்கப்பூரில் இன்னும் கெடுபிடி. பொம்மைத் துப்பாக்கியைக் கொண்டுபோக போலீஸ் அனுமதி வேண்டும். கைத்துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் சிகரெட் லைட்டருக்கே அங்கே தடை! பற்றவைக்கத்தானே என்று பையில் போட்டுப் போனால் விமான நிலையத்திலேயே வம்பு. மலேசியாவிலும் ஏர்சாப்ட் வைத்திருக்க முடியாது.

ஏர்சாப்ட் பிறந்த ஊர் ஜப்பான். அங்கே சாதாரண ஜனங்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆசை மட்டும் போகுமா? 1970-களில் துப்பாக்கி மாதிரியே செய்து, பிளாஸ்டிக் குண்டு போட்டு விளையாட ஆரம்பித்தார்கள். நாளாக நாளாகச் சிலர் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினார்கள். 2006-ல் ஜப்பான் அரசு சட்டம் போட்டு, விசை ஒரு ஜூலைத் தொடக் கூடாது என்று கட்டிவிட்டது.

பிரிட்டனும் 2006-ல் சட்டம் போட்டது. அசல் மாதிரியே இருக்கும் போலிகளை விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. பளீர் நிறத்தில் இருந்தால் தடை இல்லை. ஏர்சாப்ட் விளையாட்டுச் சங்கங்களில் சேர்ந்து முறையாக விளையாடுகிறவர்களுக்கு விலக்கு வைத்தார்கள். எனக்குத் தெரிந்தவரை இது நியாயமான ஏற்பாடு. விளையாடுகிறவனுக்கும் வழி இருக்கிறது, வீதியில் போகிறவனுக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

அமெரிக்காவில் அசல் துப்பாக்கியே தாராளம். அங்கேகூட பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரில் 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸ் ஒரு பூங்காவில் ஏர்சாப்ட் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதன் முனையில் அந்த ஆரஞ்சு நிறம் இல்லை. யாரோ போலீசுக்கு போன் செய்தார்கள். போன் செய்தவர், "அது போலியாகவும் இருக்கலாம்" என்று சொல்லித்தான் இருந்தார். அந்தத் தகவல் ரோந்துப் போலீசாருக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் சிறுவன் இறந்துபோனான்.

நம் ஊர் போலீசார் அப்படி எடுத்தவுடன் சுடுகிறவர்கள் அல்ல. ஆனால் ராத்திரி நேரத்தில், தெரு விளக்கு எரியாத சந்தில், ஒரு வாலிபன் கையில் கறுப்பாக எதையோ வைத்துக்கொண்டு திரும்பினால் எந்தப் போலீஸ்காரருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

கல்லாவில் இருப்பவர் என்ன செய்வது?

கடைக்காரர்களுக்கும், அடகுக் கடை, நிதி நிறுவனங்களில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்களுக்கும் ஒரு விஷயம்.

ஒருவன் துப்பாக்கியைக் காட்டினால் அது அசலா, போலியா என்று அந்த நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. முகமூடியோடு வருகிறவன் அதைப் பரிசோதிக்கவும் கொடுக்க மாட்டான். சினிமாவில் கதாநாயகன், "இது டம்மி" என்று சிரித்துக்கொண்டே தட்டிவிடுவார். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அசல் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம்.

பிடிபட்ட பிறகு கோர்ட்டில் வேறு நாடகம் நடக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொள்ளைக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. கொள்ளையில் உயிர்க்கொல்லி ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 7 ஆண்டுக்குக் குறையாமல் தண்டனை. பழைய 397-வது பிரிவுதான் புதிய சட்டத்தில் 311 ஆகியிருக்கிறது.

எதிரி வக்கீல் எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே! பொம்மை எப்படி உயிர்க்கொல்லி ஆயுதம் ஆகும்?" என்று கேட்பார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வாதம் ஜெயித்தால் குறைந்தபட்ச 7 ஆண்டு என்பது போய்விடும். ஆனால் கொள்ளைக் குற்றம் போகாது. பயத்தைக் காட்டிப் பணத்தைப் பறித்தால் கொள்ளை. பயத்தைப் பொம்மையால் காட்டினாலும் பயம் பயம்தான்.

குளத்தில் கூழைக்கடா

ஏர்கன் வைத்திருக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்காநல்லூர் குளத்தில் கூழைக்கடா வருகிறது, நாரை வருகிறது, நீர்க்கோழி வருகிறது. "லைசென்சு இல்லாத துப்பாக்கிதானே, ஒரு பறவையைச் சுட்டுப் பார்ப்போம்" என்று கரையில் குறி பார்க்கிறவர்கள் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவார்கள். 1972-ம் வருடச் சட்டம் அது. துப்பாக்கி எந்த வகை என்று அதில் கேள்வி இல்லை. உண்டிகோலில் அடித்தாலும் வேட்டைதான். ஜெயிலும் உண்டு, 2022-ல் உயர்த்திய அபராதமும் உண்டு.

அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் ஒரு இயக்கமே தொடங்கினார்கள். வேட்டையால் காட்டில் பறவைச் சத்தமே குறைந்துபோனதைச் சொல்லி, ஏர்கன்களை ஒப்படைக்கக் கேட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

லைசென்சு எடுத்து அசல் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டத்துக்காரர்கள் நம் பக்கத்தில் உண்டு. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். புதுப்பிக்க நடக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்சு இல்லாமல் ஒன்று வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு. அவர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பொம்மைக்காரர்களுக்குத்தான் தெளிவு இல்லை.

மத்திய அரசு இதற்கு ஒரு வழி செய்யலாம். ஏர்சாப்ட் குண்டுக்கு என்று தனி அளவு சொல்லி, எந்த நிறத்தில் இருக்க வேண்டும், எந்த வயதுக்கு விற்கலாம் என்று சாமானியனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பொம்மைக் கடையிலும் தமிழில் ஒட்ட வைக்கலாம். பிளாஸ்டிக் பை தடைக்கு ஒட்டினார்களே, அந்த மாதிரி.

பேன்சி கடையில் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ்காரர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். பையனின் முகம் வாடிப்போயிற்று.

கடைக்காரர் மேல் தட்டில் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார். தீபாவளியில் விற்றது போக மீதி. சிவப்புப் பிளாஸ்டிக்கில் கேப் துப்பாக்கி. பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தாலே பொம்மை என்று தெரிகிறது.

"இந்தாங்க கண்ணு, இதைப் பாருங்க. சத்தம் நல்லா வரும்."

பையன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நிஜம் மாதிரியே இல்லையே" என்றான்.

"அதுக்குத்தானுங்க சாமி குடுக்கறது" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் ரோல் கேப் இரண்டு டப்பாவையும் சேர்த்துப் பில் போட்டார்.